முற்றமும் வட்டமும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 'விசாலம்' என்னும் மாளிகையின் வளவில் நின்றபோது, தூண்களை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்பே என் கை சுவருக்குப் போய்விட்டது. உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினேன். ஆற்றில் உருண்டு தேய்ந்த கூழாங்கல்லைத் தொட்டதுபோல் இருந்தது. சித்திரை வெயிலிலும் சில்லென்றிருந்தது. கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் யாராக இருந்தாலும் அப்படிக் கையைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் சட்டையின் முதுகு முழுக்க வெள்ளையாகிவிடும். பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் அம்மா வாசலில் நிறுத்தி, முதுகில் நாலு தட்டு தட்டித்தான் அனுப்புவாள்.

இரண்டும் சுண்ணாம்புதான். செட்டிநாட்டில் அந்தச் சுண்ணாம்பை நாள் கணக்கில் ஊறவைத்து, அரைத்து, சலித்த மணலும் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றினார்கள். கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, ஈரம் காயும் முன் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். நெய்வேலியில் அதே சுண்ணாம்பை வாளியில் கரைத்து, மட்டையால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அடிக்க வேண்டும். நின்று தேய்க்க யாருக்கு நேரம்? ஒரு சுவர் நூறு ஆண்டுக்கென்று பூசியது. இன்னொரு சுவர், அடுத்த ஆள் குடிவரும்வரைக்கும் என்று அடித்தது. இந்த இரண்டு சுவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு அந்த வளவில் தோன்றியதுதான்.

மாளிகையோடு குவார்ட்டர்ஸை ஒப்பிடலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பரப்பில், பொருளில், செலவில் ஒப்பில்லைதான். ஆனால் இரண்டும் பிறந்த விதத்தில் ஓர் ஒற்றுமை இருக்கிறது. இரண்டு ஊர்களுமே வயலை நம்பி எழும்பிய ஊர்கள் அல்ல. கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து வந்த செல்வம், வறண்ட செம்மண்ணில் கட்டிய ஊர்கள். செட்டிநாட்டுக்கு அந்த இடம் கடலுக்கு அப்பால் இருந்தது. நெய்வேலிக்குக் காலுக்குக் கீழே.

நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் கதை பலருக்கும் தெரிந்தது. 1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. ஐராவதிக் கழிமுகத்தில் காட்டைத் திருத்தி நெல் போட்ட விவசாயிக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் போய் உட்கார்ந்தவர்கள் செட்டியார்கள். பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செய்து ஈட்டிய பணம் சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் வீடாக நின்றது. பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியக் கண்ணாடியும் ஜப்பான் பூக்கற்களும் கப்பலேறி வந்து மாட்டுவண்டியில் ஊர் சேர்ந்தன. அது முடிந்துபோனதற்கும் கணக்கு இருக்கிறது. 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய 6 விழுக்காடு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனை அடைக்க முடியாத விவசாயிகளின் நிலமெல்லாம் அவர்களிடமே வந்து சேர, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அது 25 விழுக்காடு ஆயிற்று. கேட்காமல் வந்த நிலம் அது. காசாக மாற்ற முடியாத நிலம். 1942-இல் ஜப்பானியர் வந்தார்கள். 1948-இல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. வீடு கட்டும் பணம் வந்த வழி அதோடு அடைபட்டது.

அந்த வழி அடைபட்ட எட்டே ஆண்டுகளில், 1956 நவம்பரில், நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1930-களின் நடுவில் தம் நிலத்தில் கிணறு துளைத்த ஜம்புலிங்க முதலியாருக்குத் தண்ணீரோடு கறுப்பாக ஏதோ மேலே வந்தது. அதைப் பழுப்பு நிலக்கரி என்று உறுதி செய்து, தோண்டலாமா வேண்டாமா என்று தீர்மானிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. காமராஜர் விடாமல் நின்றார். 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. 1962-இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின்நிலையத்தில் முதல் யூனிட் ஓடியது. மண்ணை வாரும் சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. செட்டிநாட்டு வீட்டுக்கு உலகம் சாமான் அனுப்பியதுபோல, நெய்வேலிக்கும் அனுப்பியிருக்கிறது. இங்கே வந்த சாமான் சுரங்கத்துக்குப் போனது. வீட்டுக்கு வந்தவை செங்கல், சிமெண்ட், சுண்ணாம்பு, ஜன்னல் கம்பி அவ்வளவே.

இனி வீட்டுக்குள் போவோம்.

செட்டிநாட்டு வீடு தெருவுக்குத் தெரு நீளும் வீடு. முன்வாசல் ஒரு தெருவில் என்றால், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணையும் முகப்பும் வந்தவரோடு பேசவும் வரவுசெலவு பார்க்கவும். அதைத் தாண்டினால் வளவு: வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தூண் வரிசை, தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். அப்புறம் சாப்பாட்டுக்கு இரண்டாம் கட்டு, அடுத்து அடுப்படி, பின்கட்டு. அச்சில் கோத்ததுபோல் வாசல்கள் நேர்கோட்டில் நிற்கும். முகப்பில் நின்றால் பின்கட்டின் வெளிச்சம் தெரியும். மழை பெய்தால் கூரைநீர் முற்றத்தில் இறங்கும். முதல் தண்ணீரைப் போகவிட்டு அடுத்ததை அண்டாவில் பிடிப்பார்கள். மிஞ்சியது வாய்க்கால் வழியே ஊரணிக்குப் போகும். மழை குறைந்த சீமையில் வீடே ஒரு நீர்நிலைக்கு வாய்.

இந்த வீட்டில் கவனிக்க வேண்டியது அந்த அறைகள். மாளிகை என்றதும் அகலமான படுக்கையறைகளைக் கற்பனை செய்துகொண்டு போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். பல அறைகளில் ஜன்னல் சிறிது; வெளிச்சம் மட்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை உண்டு. அதில் மருமகள் கொண்டுவந்த சீர் சாமான் இருக்கும். பூட்டும் சாவியும் அவளிடம் இருக்கும். 'வேறு வைத்தல்' என்ற வழக்கப்படி புதிதாக மணமானவர்கள் அதே வீட்டுக்குள் தனி அடுப்பு மூட்டிக்கொள்வார்கள். அறை என்பது ஒரு குடும்பத்தின் பெட்டகம். மற்ற வாழ்க்கையெல்லாம் வளவில்தான். குழந்தை தவழ்வதும், கல்யாணம் நடப்பதும், வற்றல் காய்வதும், பெரியவர் உடலைக் கிடத்துவதும் அங்கே.

மீட்டெடுக்கும் வேலை இங்கேதான் சிக்கலாகிறது. கே.வி.ஏ.எல். ராமநாதன் செட்டியார் தம் மகள் விசாலாட்சிக்காகக் கட்டியது விசாலம். ஆண்மக்களுக்கென்று அறை எண்ணிக் கட்டிய ஊரில் ஒரு பெண்ணின் பேரில் எழுந்த வீடு என்பதே அதற்குத் தனி மரியாதை. காலத்தால் பிந்தியது என்பதால் கோடுகளில் ஆர்ட் டெக்கோவின் சாயல் தெரியும். இன்று அது தங்கும் விடுதி, சி.ஜி.எச். எர்த் நடத்துகிறது. வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. சுண்ணாம்புச் சுவரில் விரிசல் விட்டால் சிமெண்டை அப்பி மூடிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. சிமெண்ட் இறுகியது, சுவரின் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே தங்கும் ஈரம் நாலைந்து மழைக்காலத்தில் பழைய பூச்சைப் பாளம் பாளமாகப் பெயர்த்துத் தள்ளும். பழைய சுவருக்குப் பழைய சுண்ணாம்பேதான் மருந்து. அதை அரைக்கவும் தேய்க்கவும் தெரிந்த கைகள் வேண்டும். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றிப் பூக்கல் வார்க்கும் பட்டறைகள் இன்றும் ஓடுவதற்கு, இப்படி மீட்கப்படும் வீடுகளும் ஒரு காரணம். அந்த வகையில் இந்த விடுதிகளுக்கு நான் நன்றி சொல்வேன்.

ஆனால் விடுதியானதும் வீடு தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது. விருந்தினருக்கு வேண்டியது கட்டில், குளியலறை, குளிர்சாதனம், தாழ்ப்பாள். ஆகவே சாமான் அறை வசிக்கும் அறையாகிவிட, வசித்த வளவு கதவைத் திறந்தால் தெரியும் காட்சியாகிவிடுகிறது. தூணும் தளமும் விதானமும் அப்படியே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இது விடுதிக்காரர்களின் குற்றமே அல்ல; வருமானம் இல்லாமல் இத்தனை பெரிய கூரையை எவராலும் காப்பாற்ற முடியாது. ஒரு வீட்டை மீட்கிறோம் என்று சொல்லும்போது சுவரை மீட்கிறோமா, சுவர்களுக்கு நடுவில் இருந்ததையா என்ற கேள்வியோடுதான் நான் ஊர் திரும்பினேன்.

நெய்வேலி வீட்டில் முற்றம் கிடையாது. முன்னறை, படுக்கையறை, அடுப்படி, பின்னால் துவைகல். கீழ்நிலைத் தொழிலாளிக்கு ஓர் அளவு, மேற்பார்வையாளருக்கு ஓர் அளவு, அதிகாரிக்கு ஓர் அளவு என்று பதவிக்குத் தக்கபடி வீடு. செட்டிநாட்டில் குடும்பத்தின் 'விலாசம்', அதாவது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், வீட்டின் அடையாளம். எங்களுக்கு வட்டம் எண், தெரு, கதவு எண். முப்பதுக்கும் மேற்பட்ட வட்டங்கள். சொந்தக்காரர் என்று ஒருவர்கூடக் கிடையாது. வேலையில் சேர்ந்தால் சாவி கிடைக்கும். ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். 'உங்களுக்குச் சொந்த ஊர் எது?' என்று நெய்வேலியில் எல்லோரும் எல்லோரையும் கேட்பார்கள். நெய்வேலி என்று ஒருவரும் பதில் சொன்னதில்லை.

வீடு சிறியதாக இருந்ததால் வாழ்க்கை வெளியே போய்விட்டது. சாயங்காலம் ஆனால் மெயின் பஜார், விளையாட்டுத் திடல், லிக்னைட் ஹாலில் ஏதாவது ஒரு விழா. அக்கம்பக்கத்தில் மலையாளமும் தெலுங்கும் இந்தியும் கேட்கும். ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காகச் சங்கு ஊதும். அம்மாக்கள் அதை வைத்தே சோறு வடிப்பார்கள். எங்கள் அடுப்படியில் வெகுகாலம் லெக்கோ எரிந்தது. பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிக் கரித்தெடுத்த எரிபொருள் அது, மூட்டையாக வரும். மூட்டுவதுதான் கஷ்டம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியை அடியில் வைத்து, பனை விசிறியால் கை ஓய விசிற வேண்டும். பற்றிக்கொண்டால் புகையில்லாமல் சிவந்து நிற்கும், மதியம்வரை தாங்கும். அப்பா தோண்டிய கரி அம்மாவின் அடுப்பில் எரிந்தது என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது எங்களுக்கு அது வெறும் அடுப்பு.

வெயிலுக்கு இரண்டு ஊரும் கண்ட வழியும் வேறு. செட்டிநாடு கனத்த சுவரையும் உயர்ந்த கூரையையும் முற்றத்து ஓட்டுச் சாய்ப்பையும் வைத்து நிழல் செய்துகொண்டது. நெய்வேலி மெல்லிய சுவரைக் கட்டி, சுற்றிலும் மரத்தை நட்டது. பண்ருட்டிக்குப் பக்கத்து மண் என்பதால் பலா நன்றாக வந்தது. தண்ணீருக்குக் குறைவில்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தின் தரை வெடிக்காமல் நிற்கும்; இறைத்த நீர் ஊருக்குக் குழாயில் வந்தது. அடியில் இருக்கும் ஆபத்தை வெளியே எடுத்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சிய ஊர் எங்களுடையது. குடியிருந்தவர்கள் ஆளுக்கு இரண்டு மரம் வைத்தார்கள். காய்க்கும்போது அவர்கள் இருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பின்புறப் பலாவுக்கு 'டீச்சர் மரம்' என்று பெயர். எங்களுக்கு முன்பு குடியிருந்த டீச்சரம்மா வைத்தது. அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. அவர் வைத்த மரத்தின் பழத்தைப் பத்து வருடம் தின்றோம். செட்டிநாட்டு முகப்பில் வரிசையாக மாட்டியிருக்கும் முன்னோர் படங்கள் செய்யும் வேலையை எங்களுக்கு மரங்கள் செய்தன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது கடலூர் மாவட்டமே பலாவையும் முந்திரியையும் இழந்தது. நெய்வேலியிலும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. வீடுகள் நின்றன. ஆனால் ஊரைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஊர் இடிந்துபோய்விட்டது என்றுதான் சொன்னார்கள்.

இனி இழப்பைப் பற்றி. செட்டிநாட்டு வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். நாலு தலைமுறை பெருகியதில் ஒரே வீட்டுக்கு இருபது பங்கு, முப்பது பங்கு. சென்னை, கோலாலம்பூர், அமெரிக்கா என்று ஆளுக்கொரு திக்கில் இருக்கும் பங்காளிகள் அத்தனை பேரும் சம்மதித்தால்தான் கூரைக்கு ஓடு மாற்ற முடியும். ஒத்துவராதபோது வீட்டைப் பிரித்து விற்றுவிடுவது எளிதாகப் போய்விடுகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்து பார்த்தால் தெரியும்: நிலைக்கதவு, தூண், பீங்கான் தட்டு, எனாமல் தூக்கு, யாருடையவோ கல்யாணப் படம் எல்லாம் விலைக்கு நிற்கின்றன. நெய்வேலியில் சிக்கல் நேர் எதிர். உரிமை கொண்டாட யாருமில்லை. முதல் அனல் மின்நிலையம் 2020-இல் நிறுத்தப்பட்டது. நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை முன்போல் இல்லை. சில வட்டங்களில் பூட்டிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. கூரையில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் விழுப்புரத்திலும் கும்பகோணத்திலும் சென்னைப் புறநகரிலும் இருக்கிறார்கள். வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கிப் போகலாம். அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. பங்காளி நிறைந்த வீட்டுக்கும் பங்காளியே இல்லாத வீட்டுக்கும் முடிவு ஒன்றாக இருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். குவார்ட்டர்ஸுக்கும் சுரங்கத்துக்கும் முன்பு அந்த மண்ணில் கிராமங்கள் இருந்தன. எங்கள் ஊரின் பெயரே அப்படி ஒரு பழைய கிராமத்தின் பெயர்தான். நிலமும் வீடும் கொடுத்துவிட்டுப் போனவர்களில் பலர் மந்தாரக்குப்பம் பக்கம் குடியேறினார்கள். நிலம் எடுப்பும் அதையொட்டிய போராட்டமும் இன்றைக்கும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. குவார்ட்டர்ஸைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசும் எவரும், அந்தக் கூரைவீடுகளையும் ஓட்டுவீடுகளையும் பற்றிப் பேசாமல் நகர்ந்துவிடக் கூடாது. அவற்றுக்கு ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.

மாளிகையைக் காக்க வேண்டும் என்று சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. குவார்ட்டர்ஸைக் காக்க வேண்டும் என்றால் சிரிக்கிறார்கள். நமக்குப் பழமை என்றால் தேக்கும் பளிங்கும்தான். முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா இந்த எண்ணத்தை ஓரளவு மாற்றியது. இடிபடவிருந்த செட்டியார் வீட்டைப் பிரித்து எடுத்துவந்து நிறுத்தியதோடு நில்லாமல், நெசவாளி வீட்டையும் குயவர் வீட்டையும் அதே மரியாதையோடு பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆனால் அங்கும் பொதுத்துறைத் தொழிலாளியின் வீடு இல்லை. சுதந்திரத்துக்குப் பின் இந்த நாடு லட்சக்கணக்கில் கட்டிய வீடு அதுதான். எங்கள் தலைமுறை பிறந்து வளர்ந்த வீடும் அதுதான்.

ஜெர்மனியின் எஸ்ஸென் நகரத்தைப் பார்க்கலாம். அதுவும் நிலக்கரி ஊர். 1986-இல் மூடிய சோல்ஃபெரைன் சுரங்கம் 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதே நகரில் க்ருப் குடும்பத்து மார்கரெத்தே 1906-இல் ஏற்படுத்திய மார்கரெத்தன்ஹோயே குடியிருப்பு, வீடும் தோட்டமும் மரமும் சதுக்கமுமாக இன்றும் மக்கள் குடியிருக்கும் இடம். அதில் ஒரே ஒரு வீட்டை மட்டும் அந்தக் காலத்துச் சாமானோடு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மற்ற வீடுகளில் துணி காய்கிறது, குழந்தை அழுகிறது. எனக்கு அந்த ஏற்பாடுதான் சரியென்று படுகிறது. நெய்வேலியில் ஏதாவது ஒரு வட்டத்தில் ஒரு தெருவை, மரங்களோடு, கடையோடு, பிள்ளையார் கோயிலோடு, குடியிருப்பவர்களோடு அப்படியே பராமரிக்கலாம். அதில் ஒரு வீட்டில் மட்டும் லெக்கோ அடுப்பும் ஷிப்டு சைக்கிளும் டார்ச் லைட்டும் சுண்ணாம்பு ஒட்டும் சுவரும் இருக்கட்டும். அதே வீட்டில் ஓர் அறை, போன கிராமங்களின் பெயர்களுக்கும் அங்கிருந்தவர்களின் நினைவுகளுக்கும் வேண்டும். இதற்குத் தேக்குத் தச்சரோ வெள்ளைக்கருப் பூச்சோ வேண்டியதில்லை. செலவு என்றுகூடச் சொல்ல முடியாத செலவு. லெக்கோ மூட்டை தூக்கிய, சங்குக்கு எழுந்த தலைமுறை இன்னும் சொல்லும் நிலையில் இருக்கிறது. பத்து வருடம் போனால் இருக்காது.

போன வைகாசியில் எங்கள் பழைய தெருவுக்குப் போனேன். இரண்டு பக்கத்து வீடுகளும் பூட்டியிருந்தன. எங்கள் வீட்டில் ஆள் இருந்தது. வாசலில் நின்றதும் ஒரு பெண் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி அவள் அம்மாவைக் கூட்டிவந்தாள். முன்பு இங்கே குடியிருந்தோம் என்றேன். 'உள்ள வாங்கண்ணே' என்று அந்த அம்மா நேராகப் பின்பக்கம் கூட்டிப்போனார். பலா அடிமரத்தில் ஐந்தாறு காய்களோடு நின்றது. புயலில் ஒரு கிளை போயிருந்தது.

"டீச்சர் மரம்" என்றேன், என்னையறியாமல்.

"டீச்சர் மரமா?" அந்தப் பிள்ளை என்னைத் திருத்தினாள். "இது ஃபிட்டர் மரம்."

என் அப்பா ஃபிட்டர்.